மழைக்கு முன்னே ஊருக்கு வரும் மாணவர்கள் - வெள்ளச் சேதத்தைக் குறைக்க விவசாயிகள் அவர்களைப் பயன்படுத்திக் கொள்வது எப்படி?

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியிலிருந்து வடலூர் செல்லும் சாலையில் உள்ளது காடாம்புலியூர். நெய்வேலி நகரியத்துக்கு அருகில் உள்ள செம்மண் பூமி. முந்திரியும் பலாவும் இந்தப் பகுதியின் முக்கிய வருமானம். முந்திரிக் கொட்டையை உடைத்துப் பருப்பு எடுக்கும் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

இந்தப் பகுதியில் வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் பள்ளக்காட்டுக்காரங்க கவலைங்க. மேட்டுக்காட்டுல தண்ணி எங்க நிக்கப் போவுது?" என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் நிற்காது என்பது உண்மைதான். ஆனால் ஓடும். மேட்டு நிலத்தில் ஓடும் தண்ணீர், பள்ளத்தில் நிற்கும் தண்ணீரைவிட ஆபத்தானது என்பதை 2015ஆம் ஆண்டு நவம்பர் மாதம் காட்டிவிட்டது.

அந்த மாதம் 9ஆம் தேதி நெய்வேலியில் ஒரே நாளில் 483 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓடைகளில் காட்டாறு போல வெள்ளம் பாய்ந்தது. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையம், விசூர் ஆகிய ஊர்களில் வெள்ளம் வீடுகளை அடித்துச் சென்றது, உயிர்களும் போயின. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மணல் மட்டுமே கிடக்கும் ஓடைதானே என்று இருந்தவர்களுக்கு ஓட நேரம் கிடைக்கவில்லை.

483 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று விவசாயிகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. அந்த ஒரு நாளில் ஒவ்வொரு ஏக்கரிலும் 19 லட்சம் லிட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது. 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி கிட்டத்தட்ட 195 வண்டி, ஒரே ஏக்கரில் கவிழ்த்த மாதிரி! செம்மண் எவ்வளவுதான் உறிஞ்சும்? மீதி அனைத்தும் ஓடையைத் தேடித்தான் ஓடும்.

இப்படிப்பட்ட நாள் மறுபடியும் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. வரும் என்று வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதே கேள்வி. அதற்கு உதவக்கூடிய ஒரு கூட்டம் மழைக்காலத்துக்கு முன்பாகவே கிராமங்களுக்கு வருகிறது. அவர்கள்தான் வேளாண் கல்லூரி மாணவர்கள்.

யார் இந்த மாணவர்கள்?

வேளாண்மைப் பட்டப்படிப்பில் இறுதி ஆண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி, விவசாயிகளோடு சேர்ந்து வேலை செய்து கற்க வேண்டும் என்பது விதி. இதற்குக் கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டம் என்று பெயர். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அமைத்த ரந்தாவா குழு 1992இல் செய்த பரிந்துரையை ஒட்டி நாடு முழுவதும் வேளாண் கல்லூரிகளில் இது பாடத்திட்டத்தில் சேர்ந்தது. 2015இல் இது இன்னும் விரிவாக்கப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளின் மாணவர்களும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புல மாணவர்களும் இவ்வாறு கிராமங்களுக்கு வருகிறார்கள்.

விதை நேர்த்தி, மண் மாதிரி எடுத்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல் முதலிய செயல்விளக்கங்களை இவர்கள் செய்து காட்டுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். இதோடு கிராமத்தைப் பற்றி மக்களிடமே கேட்டறிந்து படம் போடுவதும் அவர்களுக்குப் பாடம். ஊர் வரைபடம், வளங்களின் வரைபடம், காலக்கோடு, பருவ நாட்காட்டி, குறுக்கு நடை என்று பல முறைகள் உண்டு. தெருவில் கோலப்பொடியால் ஊரை வரைந்து, சுற்றி நிற்பவர்களிடம் "ஐயா, ஏரி எந்தப் பக்கம்? அம்மா, உங்க கொல்லை எங்க இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு நிரப்புவார்கள்.

இந்தப் படங்கள் வெறும் பரீட்சைக்கான படங்கள் அல்ல. சற்று மாற்றிப் பயன்படுத்தினால் இவையே வெள்ளத்திலிருந்து ஊரைக் காக்கும் படங்கள் ஆகும். இந்த மாணவர்கள் பெரும்பாலும் ஏழாவது பருவத்தில், அதாவது வடகிழக்குப் பருவமழைக்கு முந்திய மாதங்களில் கிராமத்துக்கு வருகிறார்கள் என்பது நமக்கு நல்ல வாய்ப்பு.

என்னென்ன வேலைகளை அவர்களோடு சேர்ந்து செய்யலாம்?

1. வெள்ளத்தின் காலக்கோடு: ஊரில் வயது முதிர்ந்தவர்களை உட்கார வைத்து, எந்தெந்த ஆண்டில் வெள்ளம் வந்தது, எங்கிருந்து வந்தது, எந்த வீட்டுத் திண்ணை வரை ஏறியது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று கேட்டு எழுத வேண்டும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முந்தியவை பெரியவர்களோடு போய்விடும் முன் எழுதி வைப்பது அவசியம்.

2. ஓடை நடை: மாணவர்களும் ஊர் இளைஞர்களும் ஓடையின் தலையிலிருந்து கடைசி வரை ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். எங்கே ஓடை குறுகியிருக்கிறது, எந்தச் சிறுபாலத்தில் குப்பையும் முள்ளும் அடைத்திருக்கின்றன, எங்கே கரை அரித்திருக்கிறது, எந்த இடத்தில் ஓடைக்குள்ளேயே வேலி போடப்பட்டிருக்கிறது என்பதைக் குறிக்க வேண்டும். தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. மனிதர்கள்தான் மறக்கிறார்கள்.

3. வெள்ள மட்டக் குறி: 2015இல் தண்ணீர் ஏறிய உயரத்தைப் பள்ளிக்கூடச் சுவர், மின்கம்பம், கோயில் மதில் போன்ற இடங்களில் சிவப்பு வண்ணத்தால் கோடு போட்டு ஆண்டையும் எழுதலாம். செலவு ஒரு டப்பா பெயிண்டுதான். புதிதாக வீடு கட்டுபவரும், கொட்டகை போடுபவரும் அந்தக் கோட்டைப் பார்த்து யோசிப்பார்கள்.

4. முன்னுரிமை வீட்டுப் பட்டியல்: படுக்கையில் இருக்கும் முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத் திறனாளிகள், கைக்குழந்தை உள்ள வீடுகள், ஓடை ஓரக் குடிசைகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, எந்த வீட்டுக்கு எந்த இளைஞர் பொறுப்பு என்று எழுத வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வெள்ளம் வரும்போது யோசிக்க நேரமிராது.

5. மழைமானி: பக்கங்கள் நேராக உள்ள தகரம் அல்லது பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் திறந்த வெளியில், மரம், கூரை ஆகியவற்றின் மறைவில்லாமல், சாயாதபடி வைக்க வேண்டும். தினமும் காலை 8.30 மணிக்கு உள்ளே உள்ள தண்ணீரின் உயரத்தை அடிக்கோலால் அளந்து எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை. 115.6ஐத் தொட்டால் மிகக் கனமழை. 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை. பெருமழையின்போது மறுநாள் காலை வரை காத்திராமல் மணிக்கொரு முறை பார்ப்பது நல்லது. டப்பாவில் தண்ணீர் வேகமாக ஏறினால் ஓடை ஓரத்தில் உள்ளவர்களை அப்போதே மேட்டுக்கு அனுப்பிவிடலாம்.

பயிர்ச் சேதத்தைக் குறைக்கும் வழிகள்

முந்திரி: தானே புயலில் பண்ருட்டி வட்டாரத்தில் பல ஆண்டு வயதுடைய முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஒட்டுக்கன்று நட்டால் மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும் என்றாலும் முழுப் பலன் வரப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே இருக்கும் மரத்தைக் காப்பது முக்கியம். அறுவடை முடிந்தபின் மழைக்காலத்துக்கு முன்பாகக் காய்ந்த கிளைகள், ஒன்றோடொன்று பின்னிய கிளைகள், தரையைத் தொடும் கிளைகளைக் கவாத்து செய்ய வேண்டும். உயரத்தைக் கட்டுப்படுத்திய மரத்தில் காற்றின் பிடி குறையும். வெட்டுக்காயத்தில் போர்டோ பசை தடவ வேண்டும்.

போர்டோ பசை செய்ய 1 கிலோ மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ நீற்றாத சுண்ணாம்பை வேறு 5 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, இரண்டையும் ஒரே சமயத்தில் மூன்றாவது பாத்திரத்தில் ஊற்றிக் கலக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் நல்லது. இரும்புப் பாத்திரம் கூடாது. கலவையில் சுத்தமான இரும்புக் கத்தியை நனைத்துப் பார்த்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும்.

புயலில் சாய்ந்த இளமரங்களை உடனே விறகுக்கு வெட்டிவிட வேண்டாம். வேர் முழுவதும் அறுபடாத மரத்தின் கிளைகளைக் குறைத்து, மெதுவாக நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, வேர்ப்பகுதியில் மண் அணைத்தால் பல மரங்கள் பிழைக்கும். வேர் காய்ந்துவிடும் முன், சில நாட்களுக்குள் இதைச் செய்ய வேண்டும்.

சரிவான முந்திரித் தோப்பில் ஒவ்வொரு மரத்தின் கீழ்ப்புறமும் பிறை வடிவில் வரப்பு போட்டால் மழைநீர் மரத்தடியிலேயே தேங்கி இறங்கும். சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் குழிகள் எடுப்பதும், தோப்பின் கீழ்க்கோடியில் பண்ணைக் குட்டை வெட்டுவதும் ஓடைக்குப் போகும் தண்ணீரைக் குறைக்கும். ஒருவர் செய்தால் அவர் மரத்துக்குப் பலன். ஓடையின் மேற்பகுதியில் உள்ள அனைவரும் செய்தால் கீழே உள்ள ஊருக்கும் பலன்.

நெல்: பள்ளக்கால் பகுதிகளில் சம்பா நெல் மூழ்குவது வழக்கம். ஒடிசாவைச் சேர்ந்த எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய நெல் இரண்டு வாரம் வரை நீரில் மூழ்கினாலும் பிழைக்கும் தன்மை கொண்டது. அதற்குக் காரணமான மரபணுவை விஞ்ஞானிகள் 2006இல் கண்டறிந்து வெளியிட்டனர். அந்தக் குணத்தைச் சேர்த்து உருவாக்கியவையே 'சப்-1' இரகங்கள். நீண்ட காலச் சம்பாவுக்கு ஏற்ற சி.ஆர்.1009 இரகத்தில் இது சேர்க்கப்பட்டு, சி.ஆர்.1009 சப்-1 என்று கிடைக்கிறது. ஆண்டுதோறும் மூழ்கும் வயல் உள்ளவர்கள் இதைப் பயிரிடலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தத் தாங்கும் சக்தி தூர் கட்டும் பருவத்துக்குத்தான். பூக்கும் தருணத்தில் மூழ்கினால் எந்த இரகமும் பாதிக்கப்படும்.

வெள்ளம் வடிந்ததும் வயலில் நிற்கும் தண்ணீரை முதலில் வடிக்க வேண்டும். பின்னர் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இட வேண்டும். பயிர் மஞ்சளாக இருந்தால் 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு ஏக்கருக்குத் தெளிக்கலாம். தண்ணீர் வடியும் முன் உரம் போடுவது காசைத் தண்ணீரில் விடுவதாகும்.

கால்நடை: மழைக்கு முன்பே மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான் தடுப்பூசியும், ஆடுகளுக்குத் துள்ளுமாரி தடுப்பூசியும் போட்டுவிட வேண்டும். வைக்கோல் போரை மேட்டில் போட வேண்டும். வெள்ள எச்சரிக்கை வந்தால் மாட்டை மேட்டுக்கு ஓட்டிச் செல்லுங்கள். முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்து விடுங்கள். அவிழ்த்த மாடு நீந்திக் கரை சேரும். கட்டிய மாடு முளைக்குச்சியிலேயே சாகும்.

எழுதப்படாத நிலத்துக்கு நிவாரணம் இல்லை

ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் சிறு விவசாயிகள் சந்திக்கும் பெரிய சிக்கல் காகிதம். சேதம் கணக்கெடுக்க வரும்போது அடங்கலில் அந்தப் பயிர் பதிவாகியிருக்க வேண்டும். மரம் நூறு சாய்ந்திருந்தாலும், பதிவேட்டில் தரிசு என்று இருந்தால் வாதாடிப் பயனில்லை. பட்டா தாத்தா பெயரில் இருப்பவர்களுக்கும், வாய்மொழிக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்களுக்கும் இன்னும் சங்கடம்.

இங்கேயும் மாணவர்கள் கைகொடுக்கலாம். வயல் வாரியாகப் புல எண், பயிர், இரகம், மரங்களின் எண்ணிக்கை, வயது ஆகியவற்றை எழுதித் தந்து, மரங்களைப் புகைப்படமும் எடுத்துக் கொடுத்தால், விவசாயி அதை வைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலைச் சரிபார்த்துக் கொள்ளலாம். பட்டா, சிட்டா, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைத் தண்ணீர் புகாத பையில் போட்டு உயரத்தில் தொங்கவிட வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி வரை காத்திருக்காமல் முன்னதாகவே பதிவு செய்வது நல்லது. அறுவடை செய்து வயலில் காயப்போட்ட பயிர் புயல் மழையில் சேதமடைந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பயிற்சி உயிர் காக்குமா?

சந்தேகம் வேண்டாம். வங்காளதேசத்தில் 1970இல் வந்த புயலில் மூன்று லட்சம் பேருக்கு மேல் மாண்டனர். அதன் பிறகு கிராமம் தோறும் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கொடியும் ஒலிபெருக்கியும் கையில் தந்தார்கள். மேடான தங்குமிடங்களும் கட்டினார்கள். 2007இல் அதே கடுமையுடன் வந்த சிதர் புயலில் இறந்தோர் சில ஆயிரம் பேர். ஒடிசாவில் 1999 பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தனர். 2013இல் ஃபைலின் புயலில் அந்த எண்ணிக்கை சில பத்துகளாகக் குறைந்தது. புயலின் சீற்றம் குறைந்ததால் அல்ல. மக்கள் முன்கூட்டியே நகர்ந்ததால்.

நம் கடலூர் மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. கடற்கரைக் கிராமமான சாமியார்பேட்டையில் 2004 சுனாமிக்கு முன்பே இளைஞர்கள் மீட்புக்கும் முதலுதவிக்கும் பயிற்சி பெற்றிருந்தார்கள். சுனாமி என்ற சொல்லையே கேட்டறியாத நிலையிலும், அலை வந்தபோது என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பயிற்சி பல உயிர்களைக் காத்தது.

படம் ஊரிலேயே இருக்கட்டும்

இவ்வளவு நன்மை உள்ள திட்டத்தில் ஒரு குறையும் உண்டு. மாணவர்கள் வரைந்த படங்கள் அவர்களுடைய பதிவேட்டோடு கல்லூரிக்குப் போய்விடுகின்றன. மதிப்பெண் கிடைத்ததும் அவை அலமாரியில் உறங்குகின்றன. ஊரில் எஞ்சுவது, "போன வருஷம் பசங்க வந்து கோலம் போட்டுட்டுப் போனாங்க" என்ற பேச்சு மட்டுமே. மாணவர் போவது ஐப்பசிக்கு முன். வெள்ளம் வருவது ஐப்பசிக்குப் பின்!

இந்தக் குறையை நீக்குவது விவசாயிகள் கையில் இருக்கிறது.

* மாணவர்கள் வந்தவுடன், "தம்பி, எல்லாப் படத்திலும் ஒரு நகல் ஊருக்கு வேணும்" என்று முதல் நாளே கேட்டு விடுங்கள்.

* ஒவ்வொரு வேலையிலும் ஊர் இளைஞர் இருவர், பெண்கள் இருவர் கூட இருக்கட்டும். மாணவர் போன பிறகு ஊருக்கு அது தெரிந்தவர்கள் வேண்டும்.

* ஒரு படத்தை ஊராட்சி அலுவலகத்திலும், ஒன்றைப் பள்ளிக்கூடத்திலும், ஒன்றைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வையுங்கள்.

* ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் அந்தப் படத்தை விரித்து வைத்து, எந்தச் சிறுபாலத்தைத் தூர் வார வேண்டும், எந்தக் கரையைப் பலப்படுத்த வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். படத்தோடு வரும் தீர்மானத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

* அடுத்த ஆண்டு வரும் மாணவர்களிடம் பழைய படத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். புதிதாக முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

மழைமானிக் கணக்கை எழுதும் பொறுப்பை ஊர்ப் பள்ளியின் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். சலிக்காமல் எழுதுவார்கள். சில ஆண்டுகளில், எவ்வளவு மழை பெய்தால் தங்கள் ஊர் ஓடை கரை தாண்டும் என்ற கணக்கு ஊருக்கே தெரிந்துவிடும். அதை வேறு எந்த அலுவலகமும் சொல்ல முடியாது.

அவசர காலத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும், மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இந்த இரண்டு எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். முந்திரி பற்றிய ஐயங்களுக்கு விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையும், காய்கறி, பலா பற்றிய ஐயங்களுக்குப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம். பயிர்க் காப்பீடு, விதை, உரம் ஆகியவற்றுக்கு அருகில் உள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறியலாம்.

மாணவர்களுக்குக் கிராமம் ஒரு வகுப்பறை. ஓடை எங்கே உடையும், எந்த மரம் காற்றில் நிற்கும் என்பதை அவர்கள் புத்தகத்தில் படிக்க முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் விவசாயிகள். சொன்னதை ஒழுங்காக எழுதி, அளந்து, படமாக்கிக் கொடுப்பது மாணவர்கள் வேலை. இரண்டும் சேர்ந்தால் அடுத்த பெருமழை வரும்போது காடாம்புலியூர்ப் பக்கத்து ஓடை ஓரங்களில் தண்ணீர் மட்டும் போகும், உயிர் போகாது. இந்த ஆண்டு மாணவர்கள் உங்கள் ஊருக்கு வந்தால், ஒரு நாள் வேலையை ஒதுக்கி அவர்களோடு ஓடை வரை நடந்து வாருங்கள்.